ஒரு இடிமழை கட்டிக்கொடுத்த இசைக் கொட்டகை: டாங்கிள்வுட் கதை

வணக்கம் மக்களே! ஒரு இடிமழை வந்து கச்சேரியைக் கெடுத்தது. கேட்க வந்தவர்கள் கொதித்துப்போய்ப் பணம் திரட்டி, ஒரே வருடத்துக்குள் ஒரு கொட்டகையைக் கட்டி முடித்தார்கள். 85 வருடங்களுக்கு மேலாகியும் கோடை வந்தால் கூட்டம் அங்கேதான் போகிறது. அதிலும் நிறையப் பேர் கொட்டகைக்குள் உட்காருவதே இல்லை, வெளியே புல்லில்!

இடத்தின் பெயர் டாங்கிள்வுட், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், பெர்க்‌ஷயர் மலைப்பகுதி, லெனாக்ஸ் ஊர்ப்பக்கம். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் கோடைக்கால வீடு. பின்னணி இவ்வளவு போதும், மழைக்கு வருவோம்.

1937 ஆகஸ்ட் 12. அப்போது அங்கே கட்டடம் கிடையாது, பெரிய கூடாரம் மட்டும்தான். இசைக்குழுவை வழிநடத்தியவர் செர்ஜி கூசெவிட்ஸ்கி, அன்று முழுக்க ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை. வாக்னர் என்றால் சும்மாவே இடி முழக்கம் மாதிரிதான் இருக்கும், ஆனால் வானம் அதையும் மிஞ்சிவிட்டது. கூடாரத் துணியில் மழை அறைகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, வாசிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. வந்தவர்களும் நனைந்தார்கள், வாத்தியங்களும் நனைந்தன. இடைவேளையில் அந்தக் கோடை இசை விழாவை முன்னின்று நடத்திய கெர்ட்ரூட் ராபின்சன் ஸ்மித் மேடையேறி, நமக்கு ஒரு நிரந்தரக் கட்டடம் வேண்டும், பணம் கொடுங்கள் என்று நேராகக் கேட்டுவிட்டார். நனைந்து நிற்கிறவர்களிடம் கூரைக்கு நன்கொடை கேட்டால் யார் மறுப்பார்கள்? எனக்கு இந்தப் பெண்மணியை ரொம்பப் பிடிக்கும்.

அடுத்த சிக்கல், வரைபடம். பெரிய கட்டடக் கலைஞர் ஈலியல் சாரினென் வரைந்து கொடுத்தார். கையில் இருந்த பட்ஜெட்டோ 1 லட்சம் டாலர், அவர் வரைந்தது அதற்குள் அடங்கவில்லை. குறைத்துக் கொடுத்தார், அதுவும் கூடுதல்தான். கடைசியில் அவர், இந்தப் பணத்துக்கு வெறும் கொட்டகைதான் வரும், அதைக் கட்ட நான் எதற்கு என்று எழுதிவிட்டார். விட்டார்களா? உள்ளூர்ப் பொறியாளர் ஜோசப் ஃப்ரான்ஸ் அந்த வரைபடத்தை எளிமையாக்கி, விசிறி வடிவில், பக்கச் சுவர்களே இல்லாமல் கட்டி முடித்தார். 1938 ஆகஸ்ட் 4 அன்று பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியோடு (பெரிய இசைக்குழு வாசிக்கிற நீண்ட இசைப்படைப்பு) திறப்பு விழா. சுமார் 5,000 பேர் உட்காரலாம்.

பக்கச் சுவர் இல்லாததுதான் பெரிய வரம் என்பேன். கொட்டகை அப்படியே புல்வெளியோடு சேர்ந்துவிட்டது. சாயங்காலமே நண்பர்கள் கூட்டமாக வந்து விரிப்பு போட்டு, வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்து, சிலர் சின்ன மேஜையும் மெழுகுவர்த்தியும்கூடக் கொண்டுவந்து, கச்சேரி தொடங்கும்வரை ஒரே அரட்டை.

சரி, அவ்வளவு தூரத்தில் சத்தம் எப்படி ஒழுங்காகக் கேட்கிறது? கோயில் திருவிழா வாணவேடிக்கையில் வெளிச்சம் முதலில் வந்து வெடிச்சத்தம் பிறகு வருமே, அதேதான் விஷயம். ஒலி 100 மீட்டர் கடக்க கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகும். ஆனால் ஒயர் வழியாகப் போகிற சிக்னல் உடனே ஸ்பீக்கருக்குப் போய்விடும். அப்படியே விட்டால் பக்கத்து ஸ்பீக்கர் முதலில் பாடும், மேடைச் சத்தம் பின்னால் வந்து மோதும், எல்லாம் குழம்பிவிடும். அதனால் திறந்தவெளிக் கச்சேரிகளில் தூரத்து ஸ்பீக்கர்களை வேண்டுமென்றே அந்த அளவுக்குத் தாமதப்படுத்துவார்கள். அப்புறம், சூரியன் இறங்கியதும் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சூடாக இருந்தால், ஒலி கீழ்நோக்கி வளைந்து இன்னும் தூரம் போகும்.

அந்தப் பக்கம் இருக்கிறவர்கள், போகிறவர்கள் கவனியுங்கள்: புல்வெளி டிக்கெட் எடுங்கள், விலையும் குறைவு. ஸ்வெட்டர் கட்டாயம், மலை ஊர், ஆகஸ்டிலும் ராத்திரி குளிரும். மழைக்கோட்டும் வேண்டும், 1937 ஞாபகம் இருக்கட்டும். வாசிக்கத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிடுங்கள், பக்கத்து விரிப்பில் இருப்பவர் இதற்காகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வந்திருப்பார். ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்றால், பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் கோடை சீசன் முடிகிற நாளைப் பாருங்கள், அன்றைக்கு பீத்தோவனின் ஒன்பதாவதை வாசிப்பது அங்கே வழக்கம். உங்கள் ஊரில் இப்படித் தரையில் உட்கார்ந்து நண்பர்களோடு கேட்கிற கச்சேரி எங்கே நடக்கிறது? கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவை அங்கிருந்தே எடுக்கலாம்.