ஃபார்ச்சூனும் ஒரு ரயிலும்: பழைய குறும்புகளை வைத்திருக்கலாமா?

வணக்கம் மக்களே. ஸ்கிரீன் தெரிகிறதா? எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்கிறேன், மொபைலில் பார்ப்பவர்கள் போன தடவையே திட்டினீர்கள்.

இப்போது டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடிக்கப் போகிறேன். ஆனால் அவசரத்தில் கை தவறி எஸ்எல் என்று அடித்துவிட்டேன் என்று வையுங்கள். என்டர். பாருங்கள், வலப்பக்கத்திலிருந்து ஒரு நீராவி ரயில் புகை விட்டுக்கொண்டு வருகிறது. ஓடும் நிரலை வழக்கமாக நிறுத்தும் கன்ட்ரோல் சி அழுத்துகிறேன், நிற்கவில்லை. முழு ரயிலும் போய் முடிந்தால்தான் நமக்கு வழி. ஜப்பானில் டொயோடா மசாஷி என்பவர் 1993-இல் எழுதியது. தப்பாக அடித்ததற்குத் தண்டனை, அவ்வளவுதான் இதன் வேலை. கட்டளையோடு மைனஸ் ஏ சேர்த்தால் ரயிலில் இருப்பவர்கள் காப்பாற்றச் சொல்லிக் கத்துவார்கள். இன்றைக்கும் டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் ஏப்டி என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவலாம். இதை யாராவது எடுக்கச் சொன்னால் நான் முதல் ஆளாகச் சண்டைக்குப் போவேன்.

ஆனால் இன்றைய பேச்சு இந்த ரயிலைப் பற்றி அல்ல, இதன் பங்காளி ஃபார்ச்சூனைப் பற்றி.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு 1979-இல் வந்தது, அதிலேயே ஃபார்ச்சூன் இருந்தது. லாகின் செய்தால் ஒரு பொன்மொழியோ ஜோக்கோ காட்டும். உள்ளே பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு டெக்ஸ்ட் கோப்பு, ஒவ்வொரு துணுக்குக்கும் நடுவில் ஒரு வரியில் வெறும் சதவீதக் குறி. அதிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுக்கும். பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் அறைகளில் இருந்தவர்கள் ஆளுக்கு ஆள் துணுக்கு சேர்த்துச் சேர்த்து அது வளர்ந்தது. அந்த அறைகளில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் இல்லை என்பதை அந்தத் துணுக்குகளை வாசித்தே சொல்லிவிடலாம். மனைவி ஜோக், இன ஜோக், அதைவிட மோசமானவை.

அவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. அதனால்தான் மோசமானவற்றைத் தனிக் கோப்பில் போட்டு, மைனஸ் ஓ மாதிரி ஏதாவது கொடுத்துக் கேட்டால் மட்டும் வரும்படி வைத்தார்கள். யூனிக்ஸின் ஒரு கிளையான பிஎஸ்டி பக்கம் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தக் கோப்பை ரொட்13 முறையில் மாற்றி வைத்தார்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி எழுதுவது. 26-இல் பாதி 13, அதனால் இன்னொரு தடவை தள்ளினால் பழையபடி வந்துவிடும். பூட்டு இல்லை, திரைச்சீலை. தற்செயலாகக் கண்ணில் பட்டுவிடக் கூடாது, அதுதான் நோக்கம். (தமிழுக்கு இது வேலைக்கு ஆகாது. நமக்கு 247, பாதியாகப் பிரிக்கவே முடியாது.)

சரி, என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் லினக்ஸ் அறிமுக வகுப்பு ஒன்று எடுத்தேன், இருபது பேர் இருக்கும். புரொஜெக்டரில் லேப்டாப்பைச் செருகி டெர்மினலைத் திறந்தேன். திறந்ததும் ஃபார்ச்சூன் ஓடும்படி வைத்திருந்தேன், அதுவும் மைனஸ் ஏ போட்டு, அதாவது நல்லது கெட்டது எல்லாம் வரட்டும் என்று. சுவர் அளவுக்குப் பெரிதாக, பெண்களைப் பற்றி ஒரு ஜோக். நான் இங்கே சொல்லப் போவதில்லை. யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் இருந்த ஓர் அக்கா அதை வாசித்தார், அப்புறம் நோட்டைத் திறந்து எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். நான் கிளியர் அடித்தேன். வகுப்பு முடியும்வரை அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

தப்பு என்னுடையது, மென்பொருள் மேல் பழி போட முடியாது. நான்தான் கேட்டு வாங்கினேன். ஆனால் அதுவரை “கேட்டால்தானே வருகிறது, யாருக்கு என்ன கஷ்டம்?” என்று வாதாடியவனும் நான்தான். கேட்டது ஒருவர், வாசித்தது இருபது பேர்.

2017-இல் பிஎஸ்டி வழி வந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஒரே வெட்டாக வெட்டியது. ஃபார்ச்சூன் கட்டளையையும் ஃப்ரீபிஎஸ்டி பற்றிய குறிப்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற தொகுப்புகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. அதில் ‘தப்பு நடக்க வழியிருந்தால் நடந்தே தீரும்’ மாதிரியான மர்ஃபி விதிகளும் இருந்தன, பாவம், அவை யாரை என்ன செய்தன? டெபியனில் வேறு மாதிரி. அங்கே மோசமான துணுக்குகளுக்கு ஃபார்ச்சூன்ஸ்-ஆஃப் என்று தனிப் பொதியே (பேக்கேஜ்) இருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12-இல் அது இல்லை. சாதாரண ஃபார்ச்சூன் அப்படியே இருக்கிறது.

உடனே “தணிக்கை!” என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நியாயமாகவே கேட்கிறேன், எது அழிந்துபோனது? டெபியனின் பழைய பொதிகளைச் சேர்த்து வைக்கும் ஸ்னாப்ஷாட் காப்பகம் இருக்கிறது, வேண்டியவர் அங்கே எடுத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சிக்கு அது வேண்டும், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புது வெளியீட்டில் ஒரு பொதி இருக்கிறது என்றால், இன்றைக்கு ஒருவர் அதற்குப் பராமரிப்பாளராகப் பெயர் போட்டிருக்கிறார், உலகம் முழுக்க நகல் வைத்திருக்கும் மிரர் சர்வர்கள் அதைச் சுமக்கின்றன என்று அர்த்தம். பரணில் கிடப்பதும் பந்தியில் பரிமாறுவதும் ஒன்றா?

எல்லாப் பழைய ஜோக்கும் இந்த ரகம் அல்ல. சி மொழிக்கான நூலகமான ஜிலிப்சியின் கையேட்டில், நிரலைப் பாதியில் நிறுத்தும் அபார்ட் என்ற ஃபங்ஷனுக்குக் கீழே ஒரு வரி இருந்தது (ஆங்கிலத்தில் அபார்ட் என்றால் கருக்கலைப்பும்தான்): வரப்போகும் தணிக்கை விதிகளால் இந்த ஃபங்ஷனைப் பற்றி உங்களிடம் சொல்லவே எங்களுக்குத் தடை வரலாம் என்று. அமெரிக்கக் கருக்கலைப்பு அரசியலைக் குத்தும் கிண்டல். 2018-இல் அதை எடுக்கலாமா என்று பெரிய தகராறு, ஜிலிப்சி சேர்ந்திருக்கும் குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் கூடாது என்று நின்றார். அது யாரையும் இழிவு செய்யவில்லை. ஆனால் அரியலூரில் சி படிக்கும் பையனுக்கு அது ஜோக் என்றே தெரியாது, நிஜ எச்சரிக்கை என்று பயந்துவிடுவான். இன்னொன்று, கட்டளைகளின் கையேட்டைக் காட்டும் மேன் கட்டளை இரவு சரியாக 12.30-க்கு ஆபா இசைக்குழுவின் பாட்டு வரியைக் காட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் புண்படவில்லை, ஆனால் யாரோ ஒருவருடைய தானியங்கிச் சோதனை நடுராத்திரியில் தோற்றுப்போனது. 2017-இல் விஷயம் வெளியே வந்ததும் எழுதியவரே எடுத்துவிட்டார். எனக்கு வருத்தம்தான், ஆனாலும் நடுராத்திரியில் எழுந்து பார்த்தவர் நிலையில் நான் இருந்தால் வேறு மாதிரி பேசுவேன்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், நான் தமிழில் ஒரு ஃபார்ச்சூன் கோப்பு செய்துகொண்டிருக்கிறேன், பழமொழிகளை வைத்து. பெர்சிவல் பாதிரியார் 1874-இல் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேலே இருக்கின்றன. உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. “பெண் புத்தி பின் புத்தி” என்பது நம் வாயில் சாதாரணமாகப் புழங்குவது. சாதி பெயரைச் சொல்லி இழிவு செய்யும் பழமொழிகள் இன்னும் தனி. அமெரிக்காக்காரனின் கோப்பைப் பார்த்து முகம் சுளித்தவன், நம் கோப்பில் எத்தனையைத் தட்டச்சு செய்த பிறகு நிறுத்தினேன் தெரியுமா? நாற்பத்து மூன்று.

அந்த நாற்பத்து மூன்றையும் அழிக்கவில்லை. தனிக் கோப்பில், எந்தப் புத்தகத்தில் எடுத்தேன் என்ற குறிப்போடு வைத்திருக்கிறேன். பொதியில் அது போகாது. மிச்சத்தை இப்போது, ஃபார்ச்சூனுக்கு அட்டவணை தயாரிக்கும் ஸ்ட்ர்ஃபைல் போட்டு ஓட்டிக் காட்டுகிறேன்... ம், வந்துவிட்டது. “யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.” எழுத்தின் கொம்பு ஒரு இடத்தில் உடைந்து தெரிகிறது பாருங்கள், அது ஃபாண்ட் பிரச்சினை. அடுத்த வீடியோவில் அதைச் சரிசெய்வோம்.