தட்டில் வைத்ததும் உடலில் வைக்க வேண்டியதும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சேதமான தசையைச் செப்பனிடுபவை தசைக் குருத்தணுக்கள். அவற்றின் பெரும்பயன் மருத்துவத்துக்கா, இறைச்சி வளர்க்கும் வேளாண்மைக்கா? மருத்துவத்துக்கே என்பது எங்கள் அணியின் வாதம்.

வேளாண்மை அணித் தலைவர் சற்றுமுன், "1961இல் தவளையின் தசையில் இந்த அணுக்களை அலெக்சாண்டர் மௌரோ விவரித்த நாள்முதல் மருத்துவர்கள் எலியைத்தான் ஓடவிடுகிறார்கள், நாங்கள் பொரித்துத் தட்டிலேயே வைத்துவிட்டோம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தத் தட்டில் இருந்தது என்ன?

2013 ஆகஸ்டு, லண்டன். மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் போஸ்ட், மாட்டின் தசைக் குருத்தணுக்களைப் பெருக்கி, ஏறத்தாழ 20,000 நார்களைத் திரட்டி, ஒரேயொரு பர்கரைக் கொண்டுவந்தார். செலவு, சுமார் இரண்டரை லட்சம் யூரோ! வளர்ந்த தசை வெளிறிக் கிடந்ததால் பீட்ரூட் சாறும் குங்குமப்பூவும் கலந்தார்கள். வெண்ணெய் விட்டுப் பொரித்தார்கள். கேமராக்களின் முன் அதைச் சுவைத்த உணவு ஆய்வாளர் ஹன்னி ருட்ஸ்லர் அம்மையார், இறைச்சிக்கு நெருக்கமாக இருக்கிறது, சாறுதான் போதவில்லை என்றார். இரண்டரை லட்சம் யூரோவுக்குச் சாறு இல்லை! அந்தப் பணத்தில் நான் ஊரையே கூட்டி பிரியாணி போட்டிருப்பேன். குறைசொல்ல ஒருவர் எழுந்திருக்க மாட்டார். உயிர்க்கொலை இல்லாத இறைச்சி என்று வேளாண்மை அணித் தலைவர் பெருமைப்பட்டாரே, அந்த அணுக்களை வளர்த்த திரவத்தில் கன்றுக் கருவின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் இருந்ததை ஏன் சொல்லவில்லை?

எங்கள் தரப்பிலும் தோல்வி உண்டு. 1990களில் டூஷென் தசைச்சிதைவு நோயுள்ள சிறுவர்களுக்குக் குருத்தணுக்களிலிருந்து பெருக்கிச் செலுத்திய தசை அணுக்களில் பெரும்பாலானவை சில நாள்களிலேயே மடிந்தன; பிழைத்தவையும் ஊசி இறங்கிய இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. மறுக்கவில்லை.

ஆனால், அந்த நோயுள்ள ஐந்து வயதுப் பையன் தரையிலிருந்து எழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் குப்புறத் திரும்பிக் கைகளை ஊன்றுவான். பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மீது தானே ஏறி நிமிர்வான். டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் அவன் தசைநார்கள் அசையும்போதெல்லாம் சிதைகின்றன. குருத்தணுக்கள் ஓயாமல் செப்பனிட்டும் ஈடுகொடுக்க முடியாமல் போகின்றன. பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். நடுவர் அவர்களே, அவனைத் தூக்கிவிடும் தாய் உங்களிடம் வந்து, முதலில் எதற்குச் செலவிடலாம் என்று கேட்டால், பர்கர் என்று சொல்வீர்களா?