பெரியம்மா போட்ட கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம். ஷேர் மார்க்கெட் சட்டம்னதும் ரேடியோவ அணைச்சிடாதீங்க, இன்னைக்கு ஒரே ஒரு கையெழுத்து பத்திதான் பேசப்போறேன்.

முன்னாடியெல்லாம் டீமேட் அக்கவுண்ட், அதாவது ஷேர கம்ப்யூட்டர்ல வச்சிருக்கிற கணக்கு, தொறக்கணும்னா ஒரு கட்டு பேப்பர் வரும், ஏஜென்ட் பென்சில்ல பெருக்கல் குறி போட்டு வச்சிருப்பார், குறி இருக்கிற இடத்துல எல்லாம் சரசரன்னு கையெழுத்து போடணும். எங்க பெரியம்மா காபி ஆறுறதுக்குள்ள போட்டு முடிச்சாங்க. அதுல ஒண்ணு பவர் ஆஃப் அட்டர்னி. நீங்க ஷேர வித்தா, உங்க கணக்குலேர்ந்து எடுத்துக் குடுக்க புரோக்கருக்கு அதிகாரம், நோக்கம் அவ்ளோதான்.

2019 நவம்பர் 22ம் தேதி ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற செபி ஒரு உத்தரவு போட்டுச்சு, ஹைதராபாத் கார்வி ஸ்டாக் புரோக்கிங் மேல. இந்த மாதிரி கையெழுத்துல கிடைச்ச அதிகாரத்த வச்சு, வாடிக்கையாளர்களோட ஷேர தன் பேர்ல இருந்த டீமேட் கணக்குக்கு மாத்தி, அதை அடமானம் வச்சு கடன் வாங்கியிருக்காங்கன்னு. பாலிஷ் போடக் குடுத்த சங்கிலிய சேட்டு கடையில வச்ச மாதிரி. 95,000 பேருக்கு மேல, சுமார் 2,300 கோடி ரூபா ஷேர். டிசம்பர் 2ம் தேதி சுமார் 83,000 பேருக்கு ஷேர் அவங்கவங்க கணக்குக்கே திரும்பிடுச்சு. கடன் குடுத்த பேங்குகளுக்குக் கோபம், முறையா பதிவான அடமானம்தானேன்னு தீர்ப்பாயம் போனாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, ஆனா உடையவர் சம்மதம் இல்லாத பொருள்ல அடகு எப்படி நிக்கும்னுதான் எனக்குத் தோணுது.

இதுல உருப்படியா நடந்தது 2020 செப்டம்பர் 1 முதல் வந்த மார்ஜின் பிளெட்ஜ், அதாவது வியாபாரத்துக்கு ஜாமீனா ஷேர அடமானம் வைக்கிற புது முறை. இப்ப ஷேர் புரோக்கர் கணக்குக்குப் போறதே இல்ல, உங்க டீமேட்லயே இருக்கும், பிளெட்ஜ் மட்டும் ஏறும், அதுவும் டீமேட் கணக்குகள பராமரிக்கிற டெபாசிட்டரிலேர்ந்து நேரா உங்க போனுக்கு லிங்க் வந்து நீங்க ஓடிபி போட்டாதான். பழைய கையெழுத்தோட இடத்துல இப்ப அந்த ஓடிபிதான் நிக்குது, அதனால "நம்பர் மட்டும் சொல்லுங்க மேடம், நான் முடிச்சிடறேன்"னு யாராவது கேட்டா, தயவுசெஞ்சு சொல்லாதீங்க.

இன்னொண்ணு, டெபாசிட்டரியே அனுப்புற ஸ்டேட்மென்ட்ட பாருங்க, புரோக்கர் ஆப்ல தெரியிற எண்ணிக்கையும் அதுல இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும். பெரியம்மா இப்ப அதை பிரிண்ட் எடுத்து, பூதக்கண்ணாடி வச்சு ஒவ்வொரு வரியா டிக் போடுறாங்க, அதே பென்சில்லதான்.