முளையிலே தெரியும்

(பள்ளி இலக்கிய மன்ற விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்து அன்பர்களே, நேற்று ராத்திரியே பந்தல் போட்ட தம்பிகளே, முன்வரிசையில் நெளிகிற பிள்ளைகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சையும் கட்டுரையையும் எப்படித் தொடங்குவது? விளையும் பயிர் முளையிலே தெரியும். விளி, மேற்கோள், தலைப்பு என மூன்று செய்திகள் சொல்கிறேன்.

1893 செப்டம்பர் 11, சிகாகோ. சர்வசமய மாநாட்டில் விவேகானந்தர் ‘அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே’ என்றதுமே அரங்கம் கைதட்டியது. பேச்சுக்கே அவர் இன்னும் வரவில்லை! நானும் இப்போது ஆறு முறை விளித்தேன். ஒரு கை அசையவில்லை.

சரி, மேற்கோள். ஒருமுறை பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு ‘தண்ணீர்’. வந்த பிள்ளைகள் எல்லாரும் ‘நீரின்றி அமையாது உலகு’ என்றே தொடங்கினார்கள். ஏழாவது குறளுக்கு என் பக்கத்து நடுவர் கண்ணயர்ந்துவிட்டார். எட்டாவதாக ஒரு பையன். மைக் அவனுக்கு எட்டவில்லை, இறக்கிவிட்டார்கள். அது கீச்சிட்டது. பையன் வாயே திறக்கவில்லை. மனப்பாடம் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: “எனக்குத் தெரிஞ்ச குறளை ஏழு பேர் சொல்லிட்டாங்க. எங்க தெருவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் தண்ணி லாரி வரும். இன்னைக்குச் செவ்வாய். எங்கம்மா இப்ப வரிசையில நிக்கிறாங்க.”

கூட்டம் கப்சிப். தூங்கியவர் விழித்தார்.

அவனுக்குப் பரிசு இல்லை. மதிப்பெண் தாளில் ‘மேற்கோள்’ என்று ஒரு கட்டம். அதில் சுழியம் போட்டவன் நான்தான். விளையும் பயிரை முளையிலே கிள்ளியிருக்கிறேன்.

இப்படித் தொடங்க எங்கே கற்றாய் என்று கேட்டேன். “லைப்ரரியில பேப்பர் படிப்பேன் சார். எங்க, எப்ப, யாருன்னு முதல் வரியிலயே போட்டிருப்பாங்க” என்றான்.

லைப்ரரி என்றதும் நம் ஊர்க் கிளை நூலகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆனால் ஆள் இல்லையென்று காலையில் மட்டும் திறக்கிறார்கள். அந்த நேரம் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். மாலை 4 மணிக்குப் போனால் பூட்டுத்தான். முளை எங்கிருந்து வரும்?

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கிறது. அதில் மனு இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். அலுவலர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்கும்.