எடுத்துக்கொண்ட சிலுவை

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அண்ணன் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரர்களே, வெயில் இறங்கியும் புழுக்கம் விடாத இந்த முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற தாய்மாரே, அண்ணன்மாரே, எல்லாருக்கும் வணக்கம். களியக்காவிளை தாண்டி, பாறசாலைப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். தவக்காலம் என்று சொல்கிறவர்களும் லெந்து நாள் என்று சொல்கிறவர்களும் ஒரே பந்தலில் இருப்பதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். இன்றைய கிறிஸ்தவ வாழ்வில் சிலுவை சுமப்பது என்றால், வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதா, பிறருக்காகத் துன்பத்தை எடுத்துக்கொள்வதா? நான் எடுத்துக்கொள்வதே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? கடன் வந்தாலும் நோய் வந்தாலும் குடிகாரக் கணவன் வாய்த்தாலும் அது ஆண்டவர் தந்த சிலுவை, முணுமுணுக்காமல் சும என்றார். நல்ல கைத்தட்டலும் கிடைத்தது. ஐயா, அந்தக் கைத்தட்டல்தான் என்னைப் பயமுறுத்துகிறது. அந்த வார்த்தையை நம்பி எத்தனை பெண்கள் அடி வாங்கிக்கொண்டு வாய் மூடி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் வசனத்தைப் பார்ப்போம். லூக்கா 9:23. 'தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்.' எடுத்துக்கொண்டு என்றுதான் ஆண்டவர் சொல்கிறார். பத்துகாணி குருசுமலைக்கு இந்த நாட்களில் மரச்சிலுவை தூக்கிக்கொண்டு ஏறுகிறோமே, நானும் ஏறியிருக்கிறேன், அங்கே சிலுவை யார் தலையிலாவது வந்து விழுகிறதா? அடிவாரத்தில் குனிந்து, நாமே எடுத்துத் தோளில் வைத்துத்தானே ஏறுகிறோம்!

சரி, அந்த 'வெறுத்து' என்ற சொல்? இந்தச் சொல்லால் நம் ஜனங்கள் நிறைய பாடுபட்டிருக்கிறார்கள். தன்னையே வெறுப்பதுதான் பக்தி என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் இந்த வசனத்தை எழுதிய கிரேக்க மொழியில் அங்கே இருப்பது மறுதலிப்பது என்று பொருள்படும் சொல். பேதுரு சேவல் கூவும் முன் இயேசுவை மறுதலித்தார் அல்லவா, அங்கே வருகிற அதே சொல். பேதுரு இயேசுவை வெறுத்தாரா? இல்லை. 'அந்த மனுஷனை அறியேன்' என்றார், அவ்வளவுதான். ஆக, ஆண்டவர் கேட்பது இதுதான்: 'எனக்கு, எனக்கு' என்று உள்ளே ஒருவன் கத்திக்கொண்டே இருக்கிறானே, அவனைப் பார்த்து, உன்னை எனக்குத் தெரியாது என்று சொல். கத்தோலிக்கர் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் இதைத் 'தன்னலம் துறந்து' என்று போட்டிருக்கிறார்கள். எவ்வளவு நல்ல தமிழ்! தன்னைத் துறக்கச் சொல்லவில்லை, தன்னலத்தைத் துறக்கச் சொல்கிறது.

எதிரணியில் ஒரு தம்பி, பவுல் தன் மாம்சத்தில் இருந்ததாகச் சொல்கிற முள்ளை, அந்தத் தீராத வேதனையை, எடுத்துக் குத்தினார். 'என் கிருபை உனக்குப்போதும்' என்று கர்த்தர் சொல்லிவிட்டார், எனவே பொறு என்றார். தம்பி, அதற்கு முந்தின வசனத்தையும் வாசித்திருக்கலாம். முள்ளை எடுத்துப் போடும்படி மூன்று தரம் கேட்டேன் என்கிறார் பவுல். கெத்செமனேயில் இயேசுவே இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார். அப்புறம், நான்கு சுவிசேஷங்களையும் புரட்டிப் பாருங்கள். தம்மிடம் வந்த ஒரு குஷ்டரோகியிடமாவது, ஒரு குருடனிடமாவது, 'இது உன் சிலுவை, வைத்துக்கொள்' என்று இயேசு சொன்னதுண்டா? 38 வருஷம் படுத்தே கிடந்தவனிடம் 'சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா' என்றுதானே கேட்டார்?

நோயைப் பொறுமையாகத் தாங்குகிறவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் முன்னால் நான் கைகூப்பி நிற்கிறேன். ஆனால் விடியற்காலை களியக்காவிளையில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைப் பாருங்கள். ஒருவருக்குப் புற்றுநோய். கூடவே பக்கத்து வீட்டுப் பையன் போகிறான், ரத்தம் கொடுக்க. அன்றைக்கு அவன் ரப்பர் வெட்டப் போகவில்லை. நெற்றியில் விளக்குக் கட்டி விடியும் முன்னே மரம் மரமாக நடந்து பால் எடுக்கிறவனுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. அந்த நோயாளி மேல் விழுந்தது நோய், வேதனை. அந்தப் பையன் எடுத்துக்கொண்டது சிலுவை.

புனித தேவசகாயத்தை எதிரணி தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், நட்டாலத்தில் 1712-ல் பிறந்தவர். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள், அடித்தார்கள், மூன்று வருஷம் வதைத்தார்கள், பொறுத்தார் என்றார்கள். உண்மைதான். ஆனால் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர் அவர். அந்த மூன்று வருஷத்தில் எந்த நாளிலும் 'கிறிஸ்துவை விட்டுவிட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விலங்கு கழன்றிருக்கும். சொல்லவில்லை. சாதி பார்க்காமல் எல்லாரோடும் சமமாகப் பழகியதையும் விடவில்லை. 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் புனிதர் பட்டம் கிடைத்தபோது நாம் ஊரெல்லாம் மணி அடித்தோம். அவர் தினமும் காலையில் எழுந்து தினமும் எடுத்துக்கொண்ட சிலுவை அது. 'அனுதினமும்' என்ற சொல்லுக்கு நம் மண்ணில் இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

பொறுத்துக்கொள்வதுதான் சிலுவை என்றால், தோள்சீலைப் போராட்டத்தை என்ன செய்வீர்கள்? மார்பை மறைக்கக் கூடாது என்று நம் பாட்டிமார்களின் பாட்டிமார்களுக்குத் திருவிதாங்கூரில் சட்டம் இருந்தது. சந்தையில் துணியைக் கிழித்தார்கள். வந்ததைப் பொறுத்துக்கொள்வதென்றால் அவர்கள் துணி இல்லாமல்தான் நடந்திருக்க வேண்டும். அவர்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை போட்டார்கள். போட்டதற்காக அடிபட்டார்கள். மறுபடியும் போட்டார்கள். 1820-களில் தொடங்கியது, 1859-ல்தான் அரசாணை வந்தது. தங்களுக்காக மட்டுமா? பிறக்கப்போகிற பேத்திகளுக்காக. அந்தப் பேத்திகளில் ஒருத்திதான் இன்றைக்கு இந்த மேடையில், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, அந்தப் பக்கம் விழிஞ்ஞம், பூந்துறை. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அந்த வீடுகளில் போய் நின்று இது தேவன் தந்த சிலுவை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அதே பூந்துறையும் விழிஞ்ஞமும் ஒன்பது மாதம் கழித்து, 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில், தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர்ப் பக்கம் போயின. யாரும் கூலி பேசவில்லை. முன்பின் தெரியாதவர்களைக் கூரையிலிருந்து இறக்கினார்கள். தண்ணீருக்குள் மறைந்திருந்த மதிலில் மோதி வள்ளம் உடைந்தாலும் அவர்கள் நிற்கவில்லை. நடுவர் ஐயா, எதைச் சிலுவை என்பீர்கள்? புயலையா? லாரியில் ஏற்றின அந்த வள்ளத்தையா?

மணி அடித்துவிட்டார்கள். நோன்பைப் பற்றி ஒரே வார்த்தை. நாற்பது நாள் மீன் தொடுவதில்லை, நல்லது. மீன் வாங்காத காசு எங்கே போகிறது? இரண்டாம் நூற்றாண்டில் அரிஸ்டிடஸ் என்ற கிறிஸ்தவர் ரோமப் பேரரசருக்கு எழுதியிருக்கிறார்: கிறிஸ்தவர்களில் ஒருவன் வறியவனாக இருந்து, கொடுக்க அவர்களிடம் மிச்சம் இல்லையென்றால், இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து அந்தச் சாப்பாட்டை அவனுக்குக் கொடுப்பார்கள் என்று. 'பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு' என்று ஏசாயா சொல்வதும் இதே நோன்பைத்தான். நம் வீடுகளில் பிடியரிசி இருந்ததே, அதுவும் இதுதான். என் ஆச்சி உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்புப் பக்கத்து மண்கலயத்தில் போடுவாள். அரிசிப் பானை நிறைந்திருந்த நாளிலும் ஒரே பிடி, அடியில் தட்டின நாளிலும் அதே பிடி.

இப்போது நான் கடைசியில் சொல்கிறேன் என்ற விஷயம். என் சித்தி ஒரு ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இடது மணிக்கட்டு வீங்கி, வளையல் கழற்ற முடியாமல் இறுகிக் கிடந்தது. ஆச்சி சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தாள், வரவில்லை, அரத்தால் அறுத்து எடுத்தாள். மறுநாள் காலையில் சபைப் பெரியவர் ஒருவர் வந்தார். மகளே, அவன் உன் சிலுவை, பொறுமையாகச் சும, வீட்டுக்குத் திரும்பிப் போ என்றார். சித்தி தலை குனிந்து எழுந்தாள். பதினொரு வருஷமாக அதையே கேட்டுப் பழகினவள்.

ஆச்சி வாசலில் குறுக்கே வந்து நின்றாள். 'இவ இங்கதான் இருப்பா' என்றாள். வேறொன்றும் பேசவில்லை. அதன் பிறகு ஊர் பேசியது, மாப்பிள்ளை வீட்டார் வந்து கத்தினார்கள், பெண்கள் ஐக்கியத்தில் ஆச்சி பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. வீட்டிலோ அண்டியாபீஸ், அதாவது முந்திரி ஆலை, கூலி ஒன்றுதான் வருமானம். சித்தியும் அவள் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து ஏழு பேர்.

அன்று ராத்திரி கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும். ஆச்சி எல்லாருக்கும் விளம்பினாள். சித்தியின் பிள்ளைகளுக்கு இரண்டாவது தரமும் ஊற்றினாள். பானையைச் சாய்த்து அகப்பையால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. 'ஆச்சி, நீங்க சாப்பிடலியா?' என்று கேட்டேன். 'எனக்குப் பசியில்ல மக்களே, நீ தின்னு' என்றாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆச்சிக்கு நிஜமாகவே பசி இல்லை என்றுதான் நினைத்தேன்.

நன்றி, வணக்கம்.