திருத்த மசோதாவ எப்படிப் படிக்கிறது?

வணக்கம். அரசியல் சாசனத் திருத்தம் பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டப்போ எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு, ஏன்னா 1950-ல இருந்து 2023 வரைக்கும் 106 திருத்தம் ஆயிருக்கு, ஒண்ணுக்கு ஒரு நிமிஷம்னு பேசினாக்கூட நீங்க ரேடியோவ அணைச்சிட்டு வேற வேல பாக்கப் போயிடுவீங்க. அதனால ஒரே விஷயம் தான், திருத்த மசோதான்னு ஒண்ணு வந்தா அத எப்படிப் படிக்கிறது?

கையில எடுத்தா முதல்ல ஒண்ணுமே புரியாது. "இந்தப் பிரிவுல இந்தச் சொற்களுக்குப் பதிலா இந்தச் சொற்கள்"னு வரிசையா போகும், பழைய பிரிவப் பக்கத்துல விரிச்சு வச்சா தான் எது போகுது எது வருதுன்னு தெரியும். கடைசியில நோக்கம், காரணம்னு ஒரு விளக்கம் இருக்கும், அதுல எல்லாமே நல்ல வார்த்தையாத்தான் இருக்கும். டிவில சண்ட போடறவங்க பாதிப்பேர் அத மட்டும் படிச்சிட்டு வர்றவங்கதான், இது என் அபிப்பிராயம்.

352வது பிரிவப் பாருங்க, எமர்ஜென்சி அறிவிக்கிற பிரிவு. போர், வெளிநாட்டுத் தாக்குதல், இல்லேன்னா 'உள்நாட்டுக் குழப்பம்'னு இருந்துச்சு. குழப்பம்னா என்ன? ஸ்ட்ரைக் குழப்பமா, ஊர்வலம் குழப்பமா? 1975 ஜூன் 25 ராத்திரி அந்தச் சொல்ல வச்சுத்தான் எமர்ஜென்சி வந்துச்சு, கேபினட் கூடினதே மறுநாள் காலையில. அதனால 1978-ல 44வது திருத்தம் 'உள்நாட்டுக் குழப்பம்'ங்கறத எடுத்துட்டு 'ஆயுதக் கிளர்ச்சி'ன்னு போட்டுச்சு, கேபினட் முடிவு எழுத்துல வரணும்னும் சேத்துச்சு. ரெண்டு வார்த்தை மாத்தினதுல ஒரு கதவே சாத்தியாச்சு.

அந்த எமர்ஜென்சி நடுவுல தான் 1976-ல 42வது திருத்தம் வந்துச்சு, எதிர்க்கட்சித் தலைவர்கள் நிறையப் பேர் ஜெயில்ல இருந்தப்போ. லோக்சபா ஆயுள் 5 வருஷம் 6 ஆச்சு. 368வது பிரிவுல, எந்தத் திருத்தத்தையும் எந்தக் கோர்ட்டும் கேள்வி கேக்கக் கூடாதுன்னு எழுதினாங்க! 1980-ல மினர்வா மில்ஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அதுக்கு அடிப்படை, சாசனத்தோட அடிப்படை அமைப்பத் திருத்தத்தால மாத்த முடியாதுன்னு சொன்ன 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பு, 13 ஜட்ஜ், 7-க்கு 6, ஒரே ஒருத்தர் அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா கதையே வேற. இன்னைக்கும் சாசனப் புத்தகத்துல அந்த வரி அச்சுல இருக்கும், அடியில செல்லாதுன்னு ஒரு குறிப்போட.

திருத்தம் பாஸாக எத்தனை ஓட்டு வேணும்ங்கறது சுருக்கமா. ரெண்டு சபையிலயும் தனித்தனியா மொத்த உறுப்பினர்ல பாதிக்கு மேல வேணும், ஓட்டுப் போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு வேணும், மாநில அதிகாரத்தத் தொடற மாதிரி சில விஷயத்துக்குப் பாதி மாநிலச் சட்டசபையும் ஒத்துக்கணும். நம்மகிட்ட நேரா ஓட்டுக் கேக்கறது கிடையாது.

இன்னொண்ணு, ஒரே பொட்டலத்துல பல சாமான் இருக்கும். 1951-ல முதல் திருத்தம், நம்ம ஊர்ல எல்லாரும் இடஒதுக்கீட்டுக்காக வந்ததுன்னு பெருமையாச் சொல்வோம், அது சரிதான். மெட்ராஸ் மாகாண கம்யூனல் ஜி.ஓ., காலேஜ்ல ஒவ்வொரு 14 சீட்லயும் இந்தச் சமூகத்துக்கு இத்தனைன்னு பிரிச்ச உத்தரவு, செண்பகம் துரைராஜன் வழக்குல ஏப்ரல்ல அடிபட்டுச்சு, இங்க போராட்டம் கெளம்புச்சு, ஜூன்ல, பின்தங்கினவங்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம்ங்கற 15(4) வந்தாச்சு. ஆனா அதே திருத்தத்துல தான் பேச்சுரிமைக்கு 'பொது ஒழுங்கு'ன்னு ஒரு கட்டுப்பாடும், உள்ள சேத்த சட்டங்களக் கோர்ட்டு தொட முடியாத மாதிரி ஒன்பதாவது அட்டவணையும் வந்துச்சு. பொதுத் தேர்தலே அப்ப நடக்கல, இருந்தது தற்காலிக பார்லிமென்ட். 15(4)-க்குக் கை தட்டினவங்க மத்த ரெண்டையும் படிச்சாங்களான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

2023-ல 106வது திருத்தம், பெண்களுக்கு லோக்சபாவுலயும் சட்டசபைகள்லயும் மூணுல ஒரு பங்கு. நான் அதுக்கு ஆதரவு தான். ஆனா கீழ 334ஏ-ன்னு ஒரு பிரிவு எழுதியிருந்தாங்க பாருங்க, சட்டம் அமலுக்கு வந்தப்புறம் எடுக்கிற முதல் சென்சஸ், அந்தக் கணக்கு வெளியாகி, அதுக்கப்புறம் தொகுதி மறுவரையறை, அதுக்கப்புறம் தான் ஒதுக்கீடே. ஸ்வீட் கொடுத்த அன்னைக்கு அந்த நாலு வரியப் பத்திப் பேசினவங்க ரொம்பக் கம்மி. 15 வருஷத்துல காலாவதி ஆகும்ங்கறதும் அதே பிரிவுல தான் இருக்கு.