எயார் பிரையர் எந்தக் குசினிக்கு?

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

"ரீச்சர், எயார் பிரையர் வாங்கலாமா?" எண்ணெய்த் தாச்சிக்குப் பதிலாகச் சூடான காற்றால் பொரிக்கிற மின்சாரப் பெட்டியைத்தான் சொல்கிறார்கள். இந்தக் கேள்வியை இப்போது எங்கள் திருகோணமலையில் உவர்மலையிலும் கேட்கிறார்கள், பாலையூற்றிலும் கேட்கிறார்கள். கிண்ணியாவிலிருந்து அலுவலாக ரவுணுக்கு வந்தவர்களும் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். மனைப் பொருளியல் படிப்பித்தவளிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், நாளாந்தம் மீனோ மரக்கறியோ பொரிக்கிற பழக்கம் இருக்கிறது என்றால் வாங்குங்கள், பிரயோசனப்படும். ஆறேழு பேர் சாப்பிடுகிற வீடென்றால் அந்தக் காசை வேறொரு தேவைக்கு வையுங்கள். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மிச்ச நேரம்.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? மேலே ஒரு சூட்டுக் கம்பிச் சுருள், அதோடு ஒரு விசிறி, கீழே துளை போட்ட கூடை. சுருள் காற்றைச் சூடாக்குகிறது, விசிறி அந்தக் காற்றை வேகமாகச் சுழற்றுகிறது. உணவைச் சுற்றி எப்போதும் ஈரமான, சூடு குறைந்த காற்றுப் படலம் ஒன்று இருக்கும். விசிறி அதைத் துடைத்துக்கொண்டே இருப்பதால் மேற்பரப்பு கெதியாகக் காய்ந்து சிவக்கிறது. விசிறி வைத்த அவண் செய்கிற அதே வேலைதான், சின்ன இடத்துக்குள் நடக்கிறது. இந்த முறை புதியதும் அல்ல. 1940களில் அமெரிக்காவில் வில்லியம் மாக்ஸன் என்பவர் விமானத்தில் உறைந்த உணவைச் சூடாக்குவதற்கு விசிறி வைத்த அடுப்பொன்றை உருவாக்கினார். இன்று கடைகளில் பார்க்கிற வடிவத்தை பிலிப்ஸ் நிறுவனம் 2010ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. ஆகவே, விசிறி உள்ள அவண் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறவர்கள் இன்னொன்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எண்ணெய்த் தாச்சியில் நடப்பது வேறு. 180 பாகையில் காய்ந்த எண்ணெயும் 180 பாகையில் இருக்கிற காற்றும் ஒன்றல்ல. அந்தச் சூட்டில் இருக்கிற அவணுக்குள் ஒரு நொடி கையை விட்டு எடுத்துவிடலாம், எண்ணெய்க்குள் விட முடியுமா? எண்ணெய் உணவின் எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கிறது, சூட்டை மிக வேகமாகக் கொடுக்கிறது. உழுந்து வடை மாவை விட்டவுடனேயே அதன் வெளித்தோல் இறுகுவதும், உள்ளே நீராவி ஊதி அது உப்பி வருவதும் அதனால்தான். அதே மாவை எயார் பிரையர் கூடையில் வைத்தால் தோல் இறுகுவதற்கு முன்பே துளைகளுக்குள்ளால் வழிந்துவிடும். கடதாசி விரித்து வைத்தாலும் வருவது தட்டையான ஒரு அவித்த பண்டம். வடை, வாய்ப்பன், பயற்றம் பணியாரம், மாவில் தோய்த்துப் பொரிக்கிற எதுவானாலும் அதற்குத் தாச்சிதான். தீபாவளிக்கும் வருசத்துக்கும் முறுக்குச் சுடலாம் என்று நினைத்து இந்தச் சாமானை வாங்காதீர்கள். கடலை வடை கொஞ்சம் பரவாயில்லை. கட்டியாக அரைத்து, மெல்லிதாகத் தட்டி, மேலே எண்ணெய் பூசினால் மொறுமொறுப்பு வரும், ஆனால் உள்ளே வறண்டுவிடும்.

இனி எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு வருவோம். திருகோணமலையில் மீன் பொரியல் இல்லாத மத்தியானச் சாப்பாடு எத்தனை வீட்டில் இருக்கிறது? மீன் விசயத்தில் இந்தப் பெட்டி என்னை உண்மையிலேயே மகிழ்வித்தது. சூடை, கீரி போன்ற கொழுப்புள்ள சின்ன மீன்களுக்கு இது நல்ல பொருத்தம். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி போட்டுப் பிரட்டி, அதோடு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயையும் சேர்த்துப் பிசறுங்கள். எண்ணெய் இல்லாமல் வெறும் தூளாகப் பூசினால் வேகக் காற்றில் தூள் கருகிக் கசக்கும். 190 பாகையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்ப வேண்டும். மீன்கள் ஒன்றோடொன்று முட்டாமல் ஒரே அடுக்காக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நெருக்கி அடுக்கினால் நடுவில் ஆவி தேங்கும், மீன் பொரியாது, அவியும். சூரை போன்ற தடித்த, கொழுப்புக் குறைந்த மீனைத் துண்டு போட்டு வைத்தால் உலர்ந்து நார் நாராகிவிடும். அதைக் குழம்பில் போடுங்கள், அதுதான் அதற்கு மரியாதை.

கத்தரிக்காய்க்கு வருகிறேன். இதைப் பற்றி நான் அதிகம் கதைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பொரித்த குழம்புக்குக் கத்தரிக்காயை முதலில் எண்ணெயில் பொரித்தெடுத்து, பிறகுதான் புளியும் பாலும் விட்டுக் கூட்டுவோம். கத்தரிக்காயின் சதை முழுக்கக் காற்றறைகள். சூடு பட்டதும் அந்தக் காற்று வெளியேறுகிறது, அந்த இடத்துக்குள் எண்ணெய் புகுந்துவிடுகிறது. தாச்சியில் விட்ட எண்ணெய் எங்கே போனது என்று தேடுகிற அளவுக்குக் குடித்துவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம், அதில் 120 கிலோகலோரி இருக்கிறது. நாலைந்து கத்தரிக்காய்க்கு எத்தனை மேசைக்கரண்டி போகிறது என்று உங்கள் குசினியிலேயே ஒருநாள் அளந்து பாருங்கள்.

இதையே எயார் பிரையரில் செய்யும்போது, வெட்டிய துண்டுகளுக்கு உப்பும் மஞ்சளும் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்து, விடுகிற தண்ணீரைப் பிழிந்துவிடுங்கள். உப்பு அந்தக் காற்றறைகளைத் தளர வைக்கும். பிறகு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் மட்டும் பிசறி 190 பாகையில் ஒரு பதினைந்து நிமிடம், இடையிடையே கூடையைக் குலுக்கிக் கொடுத்தால் போதும். ஓரம் சிவந்து, உள்ளே பஞ்சு போல வெந்திருக்கும். குழம்பில் போட்டால் சாறை நன்றாக இழுக்கும். சுவையில் ஒரு குறை உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய்க்கு வருகிற அந்த நெய்ப்பு இதில் வராது. ஆனால் நாளாந்தம் சமைக்கிற கறிக்கு இதுவே தாராளம். பாகற்காயும் அப்படித்தான். மெல்லிய வட்டமாக வெட்டிக் கூடையில் காயவைத்து எடுத்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய் சேர்த்துச் சம்பல் போட்டால் எண்ணெய் மணமே இல்லாமல் சுறுசுறுவென்று இருக்கும். வாழைக்காயும் மரவள்ளியும் நன்றாக வரும்.

பாரமில்லாத சாமான்களைக் கூடைக்குள் தனியாகப் போடாதீர்கள். கறிவேப்பிலை, பப்படம், நெத்தலிக் கருவாடு எல்லாம் விசிறிக் காற்றில் எழும்பிப் போய் மேலே சூட்டுக் கம்பியில் ஒட்டிக் கருகும். புகையும் வரும், ஆபத்தும் உண்டு.

உடம்புக்கு நல்லது என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அதைப் பற்றி. எண்ணெய் குறைகிறது என்பது உண்மை. ஒரு தரம் பொரித்த எண்ணெயை ஊற்றி வைத்துத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு அதை ஊற்றிவிட யாருக்கும் மனம் வராது, எனக்கும் விளங்குகிறது. திரும்பத் திரும்பச் சூடாகிற எண்ணெய் சிதைந்து உடம்புக்குக் கெடுதியான சேர்வைகளை உண்டாக்குகிறது. அந்தப் பழைய எண்ணெய்ப் போத்தலைக் குசினியிலிருந்து எடுத்துவிடச் செய்கிறதே, இதை நான் எயார் பிரையரின் மிகப் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். ஆனால் உருளைக்கிழங்கு விசயத்தில் கவனம் வேண்டும். மாப்பொருள் உள்ள உணவை 120 பாகைக்கு மேல் வறட்டும்போதும் பொரிக்கும்போதும் அக்ரிலமைட் என்ற சேர்வை உண்டாகிறது என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2002இல் எடுத்துக் காட்டினார்கள். காற்றில் செய்தாலும் அது உண்டாகும். வெட்டிய கிழங்கைத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, பொன்னிறம் வந்ததும் நிறுத்துங்கள். கறுக்க விடவேண்டாம். இன்னொன்று, ஒரு கோப்பை நிறையச் சோறும், அதற்கு மேல் கட்டிப்பாலில் கூட்டிய கறியும் சாப்பிட்டுக்கொண்டு, மீனை மட்டும் எண்ணெயில்லாமல் பொரிப்பதால் சலரோகம் குறைந்துவிடாது. அதை டொக்டர்மார் எத்தனை தரம் சொல்லியும் நாங்கள் கேட்கிறோமில்லை.

மின்சாரக் கணக்கு. சாதாரண எயார் பிரையர் 1400 முதல் 1700 வாட்ஸ் வரை இழுக்கும். 1500 வாட்ஸ் என்று வைத்தால், இருபது நிமிடத்துக்கு அதிகபட்சம் அரை யூனிட். நாளுக்கு ஒருமுறை என்றால் மாதத்துக்குப் பதினைந்து யூனிட். பெரிய தொகை இல்லையே என்று தோன்றும். ஆனால் எங்கள் நாட்டில் 60 யூனிட்டுக்குள் பாவிக்கிற வீடுகளுக்குக் கட்டணப் படி வேறு, அதைத் தாண்டினால் வேறு. மாதம் ஐம்பது யூனிட்டில் நிற்கிற ஒரு வீட்டை இந்தப் பதினைந்து அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடும். பிறகு இந்தப் பதினைந்துக்கு மட்டுமல்ல, முழுப் பில்லுக்கும் கணக்கு மாறும். கடைக்குப் போக முதல் கடைசி மூன்று மாதப் பில்லையும் எடுத்துப் பாருங்கள். ஆறேழு பேர் உள்ள வீட்டுக்கு வேண்டாம் என்று நான் சொன்னதும் இதனால்தான். நாலு லீற்றர் கூடையில் ஒரு தரத்துக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் மீன் பொரிக்கலாம். மூன்று தரம் வைத்தெடுப்பதற்குள் முதல் வைத்த மீன் ஆறிப்போகும், மின்சாரமும் மூன்று மடங்கு. காஸ் அடுப்பில் ஒரே தாச்சியில் அந்த வேலை முடிந்துவிடும்.

பிளக் விசயத்தை யாரும் கதைப்பதில்லை. எங்கள் பழைய வீடுகளில் குசினியில் இருப்பது பெரும்பாலும் உருண்டை ஊசி 5 அம்பியர் பொயின்ற். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1150 வாட்ஸ். எயார் பிரையருக்கோ ஆறரை அம்பியர் வேண்டும். அடப்ரர் போட்டு அதில் கொழுவினால் பிளக் சூடேறும், இளகும், தீயும் பிடிக்கலாம். 13 அம்பியர் பொயின்ற் ஒன்றைத் தெரிந்த மின் வேலைக்காரரைக் கொண்டு தனியாக இழுத்துப் போடுங்கள். கடற்கரைப் பக்கம், டச்சுக் குடாவிலோ நிலாவெளியிலோ இருக்கிறவர்கள் உப்புக் காற்றில் ஊசிகள் பூத்துப் போகாமல் அடிக்கடி துடைத்துப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அனுப்புகிற சாமானைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டனில் வாங்கியது என்றால் எங்கள் மின்சாரத்துக்குச் சரி. கனடாவில் வாங்கியது 120 வோல்ட்டுக்குச் செய்தது. அதை இங்கே நேரே கொழுவினால் அந்தக் கணமே பழுதாகும். மின்னழுத்தம் குறைக்கிற பெட்டி வாங்கலாமே என்பார்கள். 1500 வாட்ஸ் தாங்குகிற பெட்டி பாரமும் விலையும் கூடியது. தம்பி தங்கச்சிமாரே, கனடாவிலிருந்து சாமான் அனுப்ப வேண்டாம், காசை அனுப்புங்கள். இங்கே உத்தரவாதத்தோடு வாங்கிக்கொள்வோம்.

அப்படி வாங்கிக் கொடுப்பதென்றால் தனியாக இருக்கிற அம்மாவுக்கு, அம்மம்மாவுக்கு முதலில் வாங்கிக் கொடுங்கள். கை நடுங்குகிற வயதில் கொதிக்கிற எண்ணெய்த் தாச்சிக்குப் பக்கத்தில் நிற்பது எவ்வளவு ஆபத்து. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அடுப்படியில் நின்று வேர்த்துக் களைத்து, மீன் பொரிக்கிறதையே விட்டுவிட்டுப் பாணும் சம்பலும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிற வயதானவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பெட்டி ஒரு துண்டு மீனையும் ஒரு கத்தரிக்காயையும் பயமில்லாமல் பொரித்துக் கொடுக்கும், நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். தொடுதிரை உள்ளதை வாங்காதீர்கள். இரண்டு குமிழ் உள்ளதை, ஒன்று சூட்டுக்கு, ஒன்று நேரத்துக்கு, அப்படிப் பார்த்து வாங்குங்கள். 180க்கும் பதினைந்து நிமிடத்துக்கும் நேரே சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துக் காட்டுங்கள். கூடையைத் தும்பாலும் கம்பி நாராலும் தேய்க்க வேண்டாம், பூச்சு உரிந்துவிடும் என்று சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று தரம் பக்கத்தில் நின்று சேர்ந்து சமையுங்கள்.

நன்றி, வணக்கம்.